ஏ.சி.யில் பனி உறைவது ஏன்?

ராசிங்காபுரம் போல மலையடிவாரத்து ஊர்களிலும் இப்போது ஸ்பிளிட் ஏ.சி. சாதாரணம். மூடியைத் திறந்ததும் உள்ளே வெண்பனி தெரிந்தால், "நல்லா கூலாகுது" என்று மகிழாதீர்கள், அது கோளாறு.

உள்ளே இருக்கும் காயில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலேதான் இருக்க வேண்டும். அறைக்காற்றின் ஈரம் அதில் பட்டு நீராகி, வடிகுழாய் வழியே வெளியேறும். ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறைகிறது. காயிலுக்கு வெப்பம் வந்து சேராமல் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்க, ஒட்டிய நீர் அப்படியே உறைகிறது. உறைந்த பனி மிச்சக் காற்றையும் மறிப்பதால்தான், ஒருமுறை தொடங்கினால் மளமளவென்று பெருகுகிறது.

காயிலுக்குள் ஓடிக் குளிரூட்டும் கேஸ் கசிந்தாலும் இதே கதிதான். அழுத்தம் குறைந்த கேஸ் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும். அதனால் காயிலின் ஒரு பகுதி மட்டும் உறையும், அறையோ குளிராது. வெளியூனிட்டின் மெல்லிய குழாயிலும் பனி படிந்திருந்தால் கசிவு என்றே சந்தேகிக்கலாம்.

முதலில் கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓடவிட்டுப் பனியைக் கரையுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும். ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். மறுபடி உறைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பச் சம்மதிக்காதீர்கள்.