பூனையின் கல்லீரலைக் காட்டும் ஒலி

2022இல் புனே மாநகராட்சி வீட்டுப் பூனைகளுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. நகர வீடுகளில் பூனை வளர்ப்பு பெருகிவிட்டது. எனவே பூனையின் நோய்களையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். பூனை நோயை மறைக்கும் பிராணி. கல்லீரல் கெட்டால் முதலில் தீனி எடுக்காது, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாவது பிறகுதான்.

மஞ்சள் காமாலை கண்ட பூனைக்குக் குறை கல்லீரலிலா, பித்தம் வடியும் வழியிலா? கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பதை இரத்தப் பரிசோதனை சொல்லும். அடைப்பு எங்கே என்று சொல்லாது. அதைத் தேடத்தான் அல்ட்ராசவுண்டு ஸ்கேன்.

வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவிக் கருவியை வைத்ததும், நம் காதுக்கு எட்டாத ஒலி உள்ளே சென்று திசுக்களில் பட்டுத் திரும்புகிறது. அந்த எதிரொலியே திரையில் படமாகிறது. பித்தம் கறுப்பாகவும் கொழுப்பேறிய கல்லீரல் வெளுப்பாகவும் தெரியும். பூனையின் உடல் சிறியது. ஒலி ஆழமாகப் போக வேண்டியதில்லை. அதனால் 7.5 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் அதிர்வெண்ணைக் கூட்டி நுட்பமான படம் எடுக்கலாம்.

மருத்துவர் பித்தப்பையின் சுவரையும் பித்தநாளத்தின் விட்டத்தையும் அளக்கிறார். சுவர் சாதாரணமாக 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், தடித்திருந்தால் அழற்சியாகலாம். பொதுப் பித்தநாளம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 5ஐத் தாண்டினால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அடைப்பு உறுதியானால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பித்தப்பை இரண்டு மடலாக இருப்பது மட்டும் நோயல்ல. பல பூனைகளுக்கு அது பிறவி அமைப்பு. பெரும்பாலான பூனைகளில் பித்தநாளமும் கணையநாளமும் ஒன்றாகச் சேர்ந்தே சிறுகுடலில் திறக்கின்றன. ஓரிடத்து அழற்சி மற்ற உறுப்புகளிலும் காணப்படுவதால், கணையத்தையும் குடலையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஆனால் படம் மட்டுமே தீர்ப்பாகாது. நலமாக இருக்கும் குண்டுப் பூனையின் கல்லீரலும் வெளுத்துத் தெரியும். சிலவகைப் பித்தநாள அழற்சியில் கல்லீரல் இயல்பாகவே தோன்றும். ஆகவே, இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்த பிறகு, திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் கல்லீரல் செல்களையோ பித்தத்தையோ எடுக்கிறார்கள். பித்தத்தில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தால் அது எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியும்.

கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். குழாய் வழியாகவேனும் சீக்கிரம் உணவு கொடுக்கத் தொடங்கினால் பல பூனைகள் பிழைக்கின்றன. எனவே பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், மஞ்சள் தெரியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.