142 ஆட்டம், இரண்டு கோல்

1998 ஜூலை 8. பாரிஸ் நகரை ஒட்டிய செந்தெனி அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதி. பிரான்ஸ் அணியும் குரோஷியா அணியும் மோதின. முதல் பாதியில் கோல் எதுவும் விழவில்லை. இடைவேளை முடிந்து வந்த சூட்டோடு குரோஷியாவின் ஷுக்கர் ஒரு கோல் அடித்துவிட்டார். பிரான்சின் பின்வரிசை மேலே ஏறி அவரை ஆஃப்சைடில் சிக்க வைத்திருக்க வேண்டும். வலப்பக்கம் நின்ற ஒருவர் மட்டும் ஓரடி பிந்திவிட்டார். அவர் பெயர் லிலியான் துராம்.

அடுத்த நிமிடம் அதே துராம் எதிரணியின் பெட்டிக்கு அருகில் பந்தைப் பறித்தார். சக ஆட்டக்காரரிடம் தட்டிக் கொடுத்துத் திரும்ப வாங்கி வலைக்குள் அடித்தார். எழுபதாவது நிமிடத்தில் இன்னொன்று, இம்முறை இடது காலால். அடித்த கையோடு மண்டியிட்டு உட்கார்ந்தார். உதட்டில் விரலை வைத்து, ஏதோ யோசனையில் ஆழ்ந்தவர்போல அப்படியே இருந்தார். இது எப்படி நடந்தது என்று அவருக்கே புரியாததுபோல இருந்தது அந்தக் காட்சி. பிரான்ஸ் 2-1 என வென்றது. நான்கு நாள் கழித்து பிரேசிலை 3-0 என வீழ்த்தி முதன்முறையாக உலகக் கோப்பையையும் வென்றது.

பிரான்சுக்காக துராம் ஆடியவை மொத்தம் 142 ஆட்டங்கள். 1994 முதல் 2008 வரை, பதினான்கு ஆண்டுகள். அத்தனை ஆட்டங்களிலும் அவர் அடித்த கோல்கள் இரண்டே இரண்டு. இரண்டும் அந்த ஒரு மாலையில் அடித்தவை.

கோல் அடிப்பவரைத்தான் ஊர் தோளில் தூக்கும். பின்னால் நின்று தடுப்பவரின் பெயர், அவர் தவறு செய்யும் நாளில்தான் நினைவுக்கு வரும். நம் ஊர்த் திடல்களிலும் அப்படித்தான். யாரும் நிற்க விரும்பாத இடத்தில் 'நீ பேக்குல நில்லுடா' என்று ஒருவனை நிறுத்துவார்கள். அந்த இடத்தில் பதினான்கு ஆண்டுகள் நின்று உலகத்தைத் தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவரைப் பற்றி, பந்தோடு அலையும் நம் பிள்ளைகள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பந்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

கரும்புக் காட்டிலிருந்து

துராம் பிறந்தது 1972 ஜனவரி 1 அன்று, கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில். இன்றுவரை அது பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட நிலம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மனிதர்களின் உழைப்பில் கரும்பு விளைந்த தீவு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-இல், அடிமை முறையை ஒழித்தார்கள். 1802-இல் நெப்போலியன் அதை மறுபடி கொண்டுவந்தார். கொடுத்த விடுதலையைத் திரும்பப் பிடுங்கிய அரசு அது. கடைசியாக அந்த முறை ஒழிந்தது 1848-இல்தான்.

அதன்பிறகு தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடிய இடங்களில் ஒன்று நம் கடற்கரை. 1854-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் பல்லாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் குவாதலூப்புக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். ஊரில் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களில் ஏராளம். அந்தத் தீவில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே நீண்டகாலம் ஓட்டுரிமை இல்லை. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்காடித்தான் 1923-இல் அந்த உரிமை கிடைத்தது. பெயரைப் பார்த்தாலே எந்த மண்ணின் வழி வந்தவர் என்று தெரிகிறது. நம் பள்ளிப் பாடத்தில் அவர் இல்லை. அது வேறு கதை. தனியாக எழுத வேண்டும்.

துராமின் தாய் மரியானா கரும்பு வெட்டினார், வீட்டு வேலைக்கும் போனார். ஐந்து பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்த்தார். பிழைப்புத் தேடி முதலில் அவர் மட்டும் பிரான்சுக்குப் போனார். பிறகு 1981-இல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டார். பாரிசுக்குத் தெற்கே ஃபொந்தேன்புளோ பக்கம், அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் வாழ்ந்தார்கள். அம்மாவுக்குத் துப்புரவு வேலை.

ஒன்பது வயதுப் பையன் பள்ளிக்கூடம் போனான். அப்போது தொலைக்காட்சியில் ஒரு கேலிச்சித்திரத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பசுக்கள். வெள்ளைப் பசு புத்திசாலி. கறுப்புப் பசு மண்டு, அதன் பெயர் நுவரோத். வகுப்புப் பிள்ளைகள் துராமை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணம் கேட்டான். உலகம் அப்படித்தான், மாறாது என்ற பொருளில் அம்மா பதில் சொன்னார். அந்தப் பதில் தன்னைத் திருப்திப்படுத்தவில்லை என்று துராம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தீவில் இருந்தவரை தான் லிலியான் மட்டும்தான், ஒன்பது வயதில் பாரிசுக்கு வந்த பிறகே 'கறுப்பன்' ஆக்கப்பட்டேன் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

இதைப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சாதி எந்த வகுப்பில், யார் வாயால் தெரியவந்தது என்பது நினைவிருக்கும்! நம் அம்மாக்களும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். கோபம் வந்தாலும் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. வேலைக்குப் போகும் வீட்டில் மறுநாளும் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

எந்த இடத்திலும்

ஃபொந்தேன்புளோவில் போர்ச்சுகலிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நடத்திய சிறிய சங்கம் ஒன்றில் துராம் பந்து விளையாடத் தொடங்கினார். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடிய இடம் அது. அங்கிருந்து மெலன், பிறகு மொனாக்கோ. தொடக்கத்தில் அவர் நடுக்களத்தில் ஆடியவர். மொனாக்கோவில் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர்தான் அவரைத் தடுப்பாட்டக்காரராக்கினார். 1996-இல் இத்தாலியின் பார்மா அணிக்குப் போனார். கன்னவாரோ, கோல்கீப்பர் புஃபோன் ஆகியோருடன் அங்கே அமைந்த பின்வரிசையை இத்தாலியர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1999-இல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பைகளில் ஒன்றான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. 2001-இல் துராமும் புஃபோனும் சேர்ந்தே யுவெண்டஸ் சென்றார்கள். 2002, 2003 ஆண்டுகளில் லீக் பட்டம். அடுத்து வென்ற இரண்டு பட்டங்கள் நடுவர் நியமன ஊழல் வழக்கில் பறிபோயின. 2006-இல் யுவெண்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட, அவர் பார்சிலோனா போய்ச் சேர்ந்தார்.

நாட்டு அணிக்கு வலப்பக்க பேக், சங்க அணிக்கு நடு பேக். இதுதான் அவர் ஆட்டத்தின் அதிசயம். இரண்டும் பெயரளவில் தடுப்பாட்டம். வேலை வேறு வேறு. ஓரத்தில் நிற்பவர் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓட வேண்டும். வேகமான விங்கரைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் முன்னேறிப் பந்து கொடுக்க வேண்டும். நடுவில் நிற்பவருக்கு ஓட்டம் குறைவு, கணிப்பு அதிகம். பந்து எங்கே வரும் என்று அது புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு கோல். துராமுக்குப் பிடித்தது நடு இடம்தான். ஆனால் 1998-இல் அங்கே பிளாங்கும் தெசாயியும் இருந்தார்கள். ஆகவே வலப்பக்கம் போனார். அந்தத் தொடர் முழுவதும் பிரான்ஸ் வாங்கிய கோல்கள் இரண்டே. தொடரின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, தடுப்பாட்டக்காரரான துராமுக்குக் கிடைத்தது. 2000-இல் ஐரோப்பியக் கோப்பையையும் பிரான்ஸ் வென்றது. 2006 உலகக் கோப்பையில், 34 வயதில், தனக்குப் பிடித்த நடு இடத்தில் நின்று அணியை இறுதிவரை கொண்டுபோனார். பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றார்கள்.

கறுப்பின ஆட்டக்காரர் என்றால் வர்ணனையாளர்கள் உடனே 'வலிமை', 'வேகம்' என்பார்கள். 'அறிவு', 'கணிப்பு' ஆகிய சொற்கள் வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு எடுத்து வைக்கப்பட்டிருக்கும். உடம்பு ஒருவருக்கு, மூளை இன்னொருவருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் இந்த வேலை நமக்குப் புதிதல்ல. துராமின் ஆட்டமே அதற்கு நேர்ப் பதில். அவர் ஓடித் தடுத்ததைவிட, வேண்டிய இடத்தில் முன்கூட்டியே போய் நின்று தடுத்தது அதிகம்.

கூட நின்றவருக்கு எதிராக

1998 வெற்றிக்குப் பிறகு பிரான்சே கொண்டாடியது. கறுப்பர், வெள்ளையர், அராபியர் சேர்ந்த அணி என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. இனி இனவெறி இல்லை என்றே பலர் எழுதினார்கள். நான்கே ஆண்டுகள். 2002-இல், இந்த அணியில் இத்தனை அயலார் எதற்கு என்று முன்பு கேட்ட லெ பென், குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்று வரை வந்துவிட்டார். கோப்பை வாங்கித் தந்தால் சாதி போகும் என்று நம்புகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

2005 அக்டோபரில், உள்துறை அமைச்சர் சர்க்கோசி புறநகர் இளைஞர்களைக் 'கழிசடைகள்' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறிப்பிட்டார். இரண்டே நாளில், போலீசுக்குப் பயந்து மின் நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். புறநகர்கள் பற்றி எரிந்தன. அப்போது நாட்டு அணியில் ஆடிக்கொண்டிருந்த துராம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நானும் புறநகரில் வளர்ந்தவன், அந்தச் சொல் என்னையும் குறிக்கிறது, அங்கிருப்பவர்கள் கேட்பது வேலை என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு, கஷான் என்ற ஊரில் ஒரு கட்டடத்தில் தங்கியிருந்த, குடியேற்ற ஆவணங்கள் இல்லாத ஆப்பிரிக்கக் குடும்பங்களைப் போலீஸ் வெளியேற்றியது. துராமும் சக வீரர் வியெராவும் அவர்களில் எழுபது எண்பது பேரை பிரான்ஸ்-இத்தாலி ஆட்டத்துக்கு அழைத்து அரங்கில் உட்கார வைத்தார்கள்.

இவையெல்லாம் ஆட்சியாளர்களுக்கு எதிராக. அதைவிடக் கடினமான சோதனை 2011-இல் வந்தது. அப்போது பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் லோரான் பிளாங். 1998-இல் துராமுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய அதே பிளாங். குரோஷியாவுக்கு எதிரான அந்த அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி அவர் வெளியேறியபோது, மிச்ச நேரம் கோட்டையைக் காத்தவர்களில் துராமும் ஒருவர். கால்பந்துக் கூட்டமைப்பின் கூட்டம் ஒன்றில் நடந்த உரையாடல் கசிந்து ஏப்ரலில் வெளியானது. இரட்டைக் குடியுரிமைக்கு வாய்ப்புள்ள சிறுவர்கள் பயிற்சி மையங்களில் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைப்பது பற்றிய பேச்சு அது. உயரமும் வலிமையும் உள்ள பிள்ளைகளையே எடுக்கிறோம், அவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள் என்ற வகையில் பிளாங்கும் அதில் பேசியிருந்தார். நாம் கேட்பது உள்ளே வர ஒதுக்கீடு. அவர்கள் பேசியது வெளியே ஒதுக்க ஓர் அளவு.

பிளாங் வருத்தம் தெரிவித்தார். விசாரணை நடந்தது, அவர்மீது குற்றம் இல்லை என்று முடிந்தது. 1998 அணியின் பழைய நண்பர்கள் பலர், ஜிடான் உட்பட, அவருக்கு ஆதரவாக நின்றார்கள். பிளாங் இனவெறியர் அல்லர், நல்ல மனிதர் என்றார்கள். துராமும் வியெராவும் அந்த வரிசையில் சேரவில்லை. பிளாங் நல்லவரா கெட்டவரா என்பது அல்ல கேள்வி, சொல்லப்பட்ட சொல் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி என்ற நிலையில் துராம் நின்றார். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க, நம்மகூட நல்லாப் பழகுவார்' என்ற வாக்கியத்தை எத்தனை பஞ்சாயத்துகளில் கேட்டிருக்கிறோம்! கூட உண்டு, கூட உறங்கி, கூட வென்ற நண்பரின் சொல்லைத் தப்பு என்று ஊரறியச் சொல்வதற்கு எந்த அரங்கத்திலும் கைதட்டல் கிடையாது. துராமின் 142 ஆட்டங்களைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

2019-இல் இத்தாலியில் லுக்காக்கு என்ற கறுப்பின வீரரைப் பார்த்து அரங்கத்தினர் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள். அதுபற்றிக் கேட்டபோது, தாங்கள் மேலானவர்கள் என்று வெள்ளையர்கள் நம்புவதுதான் வேர் என்று துராம் சொன்னார். உடனே, அவர்தான் வெள்ளையர்மீது இனவெறி காட்டுகிறார் என்று சிலர் கிளம்பினார்கள். இனவெறியை எதிர்க்கும் அமைப்பு ஒன்றே அவரைக் கண்டித்தது. சாதியைப் பற்றிப் பேசினால் 'நீங்கதான் சாதி பார்க்கிறீங்க' என்று நம்மிடம் சொல்வார்களே, அதே பாட்டு. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'வெள்ளைச் சிந்தனை'. பின்வாங்கவில்லை.

2008-இல் பாரிஸ் அணியில் சேரவிருந்தபோது நடந்த மருத்துவச் சோதனையில் இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. அவருடைய உடன்பிறந்தவர் ஒருவர் இதயக் கோளாறால் இறந்திருந்தார். துராம் ஆட்டத்தை நிறுத்தினார். அதே ஆண்டு, இனவெறிக்கு எதிரான கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பள்ளிகளுக்குப் போகிறார். பிறக்கும்போது யாரும் இனவெறியோடு பிறப்பதில்லை, அது கற்றுத் தரப்படுகிறது, ஆகவே கற்றதை மறக்கச் செய்யவும் முடியும் என்பது அவர் வாதம். பள்ளிப் பாடத்தில் கறுப்பர்கள் முதன்முதலாக அடிமைகளாகத்தான் வருகிறார்கள், அதற்கு முந்தைய வரலாறு எங்கே என்று கேட்கிறார். 2010-இல் வந்த 'என் கறுப்பு நட்சத்திரங்கள்' நூலில், பாடத்தில் இடம்பெறாத கறுப்பின மேதைகள், போராளிகளின் வாழ்க்கையைத் தொகுத்தார். 2011-இல் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு கண்காட்சி அமைப்பதில் முன்னின்றார். ஐரோப்பிய நகரங்களில் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கர்களையும் பழங்குடிகளையும் வேலிக்குள் வைத்து விலங்குகளைப்போல வேடிக்கை காட்டிய வரலாறு அதில் ஆவணங்களோடு காட்டப்பட்டது.

இரண்டு மகன்கள். மூத்தவருக்குக் கறுப்பின விடுதலைத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் பெயர். இளையவர் கெஃப்ரென், எகிப்திய மன்னரின் பெயர். இருவரும் இத்தாலியில் பிறந்தவர்கள், இருவரும் இன்று தொழில்முறைக் கால்பந்து வீரர்கள். மார்க்கஸ் 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பிரான்ஸ் பெனால்டியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. பெனால்டியைத் தவறவிட்ட கொமான், சுவாமெனி இருவரும் கறுப்பின வீரர்கள். ஆட்டம் முடிந்து சில மணி நேரத்துக்குள் அவர்களுடைய சமூக வலைதளப் பக்கங்களில் குரங்குப் படங்கள் வந்து குவியத் தொடங்கியிருந்தன.