கையெழுத்துப் போட்டவர்களுக்கே விலக்கு

2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய செலவின மசோதா 2,232 பக்கம் கொண்டது. அதன் கடைசிப் பகுதியில் பேஸ்பால் பற்றிய சின்னஞ்சிறு சட்டம் ஒன்றும் செருகப்பட்டிருந்தது. அதன்படி, மேஜர் லீக் அணிகளுக்குக் கீழ்மட்டத்தில் ஆடும் மைனர் லீக் வீரர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. வாரத்துக்கு 40 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும். மணிக்கு 7.25 டாலர் என்றால் 290 டாலர். 60 மணி நேரம் உழைத்தாலும் அவ்வளவுதான். போட்டிப் பருவம் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அதுவும் இல்லை.

கூலி கேட்டு வீரர்கள் 2014-லேயே நீதிமன்றம் போயிருந்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் காரெட் ப்ரோஷுயிஸ் முன்னாள் மைனர் லீக் பந்துவீச்சாளர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். மேஜர் லீக் வீரர்களுக்கு வலுவான சங்கம் இருந்தது. இவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. கூலிச் சட்டத்திலிருந்து 2018-இல் தரப்பட்ட அந்த விலக்கு அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2022-இல் 18.5 கோடி டாலருக்கு வழக்கில் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 மார்ச் இறுதியில் முதல் கூட்டு ஒப்பந்தம் உருவானது. அடிமட்ட வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. மேல்மட்டத்தில் 17,500 என்பது 35,800 ஆனது.

அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் மாநிலக் கூலிச் சட்டத்திலிருந்து இவர்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால், சங்க ஒப்பந்தத்தின்கீழ் வருபவர்களுக்கு மட்டும்! இந்த நிபந்தனைதான் முக்கியம். காலையில் உடற்பயிற்சி, இரவில் ஆட்டம், நள்ளிரவில் அடுத்த ஊருக்குப் பஸ் என்று ஓடும் வேலையை உணவு இடைவேளை, மணிக்கணக்கு விதிகளுக்குள் அடக்குவது சிரமம்தான். அதற்கு மாற்றாக என்ன வேண்டும் என்பதை வீரர்களே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தால், அந்த விலக்கை நான் ஏற்பேன். முதலாளி தனியாகப் போய் வாங்கி வந்த விலக்கை ஏற்க மாட்டேன்.

பேரத்தில் விட்டுக்கொடுத்ததும் உண்டு. ஒவ்வொரு மேஜர் லீக் அணியும் உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பு 180-லிருந்து 165 ஆகக் குறைந்தது. மொத்தம் 30 அணிகள். கணக்குப் போட்டால் 450 இடங்கள் போயின. ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027-இல் முடியும்போது சங்கம் முதலில் பேச வேண்டியது அந்த இடங்களைப் பற்றித்தான்.