பழைய வீடியோ கசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் தொழில்: எந்தக் கோடெக்கில் பதிவது?

ஸ்டூடியோ, கொமியுனிகேஷன் நடத்தும் சகோதரர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அலுமாரியில் இருபது முப்பது வருடம் கிடந்த வீ.எச்.எஸ். கசட்டுகளை வாடிக்கையாளர்கள் கொண்டு வருகிறார்கள். கல்யாண வீடியோ, வாப்பாவின் குரல் பதிந்த ஒரே கசட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. டெக் இருக்கிறது, யூ.எஸ்.பி. கெப்சர் கருவியும் வாங்கியாயிற்று. ஆனால் மென்பொருளைத் திறந்ததும் கோடெக் பட்டியல் ஒன்று நீளமாக வந்து நிற்கிறது. அதில் எதைத் தெரிவு செய்வது?

கோடெக் என்பது படத்தைச் சுருக்கிப் பதிந்து, பார்க்கும்போது மீண்டும் விரித்துக் காட்டும் கணக்கு முறை. இதில் இரண்டு சாதி உண்டு. புடவைப் பேலை இறுக்கிக் கட்டி இடத்தை மிச்சம் பிடிப்பது ஒன்று. பேலிலிருந்து நாலு துணியை உருவி எறிந்துவிட்டு 'சின்னதாக்கிவிட்டேன்' என்பது மற்றொன்று. ஹஃப்யூவ், லகாரித், யுடி வீடியோ, எஃப்.எஃப்.வி.1 ஆகியவை முதல் சாதி. பிரிக்கும்போது ஒரு புள்ளியும் குறையாது. எம்பெக்-2, டிவ்எக்ஸ், எச்.264 எல்லாம் இரண்டாவது சாதி.

இடத்தைக் கணக்குப் பார்ப்போம். நமது நாட்டில் பாவித்தது பால் முறை. அதைக் கணினியில் 720க்கு 576 புள்ளிகளாக, செக்கனுக்கு 25 படமாகப் பதிகிறோம். எதையும் சுருக்காமல் பதிந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 21 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 75 ஜிகாபைட் வரும். மூன்று மணித்தியாலக் கசட் ஒன்றுக்கு 224 ஜிகாபைட். முதல் சாதிக் கோடெக்குகள் இதைப் பாதியளவுக்குக் கொண்டு வரும். கசட் பழுதாகிப் புள்ளி விழுந்திருந்தால் அவ்வளவு குறையாது.

'இவ்வளவு இடம் எதற்கு, நேரே எச்.264 இல் பதிந்தால் என்ன?' என்று கேட்பீர்கள். பழைய நாடாவில் படத்தோடு இரைச்சலும் கலந்திருக்கிறது. கோடெக்குக்கு மணப்பெண்ணின் முகம் எது, நாடாவின் புள்ளி எது என்று தெரியாது. கொடுத்த இடத்தில் பெரும்பகுதியைப் புள்ளிகளுக்குச் செலவழித்துவிட்டு முகத்தைக் கலங்க விடும். பிறகு நீங்கள் ஓரம் வெட்டி, நிறம் திருத்தி மறுபடி சுருக்கும்போது, கலங்கியது இன்னும் கலங்கும். கணினியே இல்லாமல் மெமரி கார்டில் பதியும் சிறிய பெட்டிகளையும் இதனால்தான் நான் தொழிலுக்குச் சிபாரிசு செய்வதில்லை. அவை உள்ளேயே சுருக்கி முடித்துவிடும். திருத்த உங்கள் கைக்கு எதுவும் வராது.

டீவி என்றொரு நடுவழியும் உண்டு. மணித்தியாலத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். அனலொக் உள்ளீடு உள்ள பழைய டிஜிட்டல் கேம்கோடரும் ஃபயர்வயர் போர்ட் உள்ள கணினியும் கையில் இருந்தால் மோசமில்லை. நிறத்தில் கொஞ்சம் போகும். இதற்கென்று புதிதாகச் செலவழிக்கத் தேவையில்லை.

வியாபாரக் கணக்காகப் பார்த்தால் விடை இன்னும் தெளிவு. இந்தத் தொழிலில் முதல் என்பது ஹார்ட் டிஸ்க் அல்ல, டெக். வீ.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஹெட் தேய்கிறது, நாடாவும் தேய்கிறது. டிஸ்க்கை அழித்து மறுபடி பாவிக்கலாம். ஆகவே ஒரே ஓட்டத்தில் முழுமையாக எடுத்துவிடுவதுதான் மலிவு. நமது ஈரக் காலநிலையில் பூஞ்சணம் பிடித்த கசட்டுகள் நிறைய வரும். உள்ளே வெள்ளை படிந்திருந்தால் துப்புரவு செய்யாமல் டெக்கில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும், அடுத்த வாடிக்கையாளரின் கசட்டும் கெடும்.

2000களில் ஊருக்கு ஊர் கசட்டை வீ.சி.டி. ஆக்கிக் கொடுத்தார்கள். வீ.சி.டி. என்பது 352க்கு 288. அதாவது 576 கோடுகளில் பாதி போயிற்று, அசைவிலும் பாதி போயிற்று. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அப்படி மாற்றிக் கொடுத்த கடைக்காரர், 'இனி இது தேவையில்லை' என்று கசட்டை வீசிவிட்டார். இன்று அந்த இறுவட்டைப் பெரிய டீவியில் போட்டால் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. எந்த மென்பொருளாலும் போனதைத் திருப்பி எடுக்க முடியாது. உங்கள் கடையில் கசட்டை எப்போதும் உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இனிச் செய்முறை. வேர்ச்சுவல்டப்பில் யுடி வீடியோ அல்லது ஹஃப்யூவ் தெரிவு செய்து, 4:2:2 நிறத்தில், ஒலியைச் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மென்பொருள் 32 பிட் என்றால் கோடெக்கும் 32 பிட்டாக இருக்க வேண்டும். விடுபட்ட படங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ஒலி பின்தங்கும். பதியும்போது வேறு வேலை அந்தக் கணினியில் வேண்டாம்.

பதிந்த பிறகே எச்.264. பால் படம் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடுமாகச் செக்கனுக்கு 50 அரைப்படங்களாக வருவது. அவற்றைப் பிரித்து 50 முழுப் படமாக்கினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். 25 ஆக்கினால் தடுக்கும். அகலத்தை 768 ஆக மாற்றாவிட்டால் ஆட்கள் மெலிந்து தெரிவார்கள். செக்கனுக்கு 5 மெகாபிட் வைத்தால் மணித்தியாலத்துக்கு இரண்டேகால் ஜிகாபைட்தான்.

பென் டிரைவ்கள் பல ஃபாட்32 முறையில் வருகின்றன. அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. இரண்டு மணித்தியால வீடியோவை இரண்டு துண்டாக்கிக் கொடுங்கள். பெரிய மூலக் கோப்பை, வாடிக்கையாளர் வீட்டு டீவியில் போட்டுப் பார்த்துச் சரி சொல்லும்வரை அழிக்க வேண்டாம். அதையும் கேட்பவருக்கு எஃப்.எஃப்.வி.1 ஆக மாற்றி, தனி டிஸ்க்கில், தனி விலைக்குக் கொடுக்கலாம்.