குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் முகம் ஏன் மங்குது? - வைடு லென்ஸ் வாங்கும் முன் ஒரு சுவர் டெஸ்ட்!

தம்பி கல்யாண ஆல்பம் வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் தேடியது மேடையில் எடுத்த குரூப் போட்டோவைத்தான். மூன்று வரிசை, மொத்தக் குடும்பமும் அதில் இருந்தது. வலது ஓரத்தில் பெரியத்தை. மூட்டுவலி அவங்களுக்கு. அன்னைக்கு மேடை ஏறினதே அந்த ஒரு போட்டோவுக்காகத்தான். கல்யாணம் முடிந்து நாலே மாசத்தில் தவறிட்டாங்க.

மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேணும்னு மாமா கேட்டார். கடைசியாக எடுத்த படம் அதுதானே என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். அத்தை முகம் பக்கவாட்டில் இழுத்தது மாதிரி அகலமாக இருந்தது. கண், மூக்கெல்லாம் லேசாகக் கலைந்திருந்தது. எட்டுக்கல் தோட்டின் கற்கள் ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன. அதே படத்தில் நடுவில் நின்ற தம்பியின் பட்டு வேட்டிக் கரையில் இழையை எண்ணலாம். ஒரே கேமரா, ஒரே க்ளிக். பிறகு ஏன் இப்படி?

திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷமாகக் கல்யாணம் எடுப்பவர். ஃபைலை அவரிடம் கொண்டுபோனேன். அத்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், படத்தோடு பதிவாகியிருக்கும் விவரத்தைத்தான் திறந்தார். 16 மி.மீ., எஃப்/2.8.

"இதுலயே பாதி தெரிஞ்சுபோச்சும்மா. எடுத்தவர் நல்ல லென்ஸ்லதான் எடுத்திருக்கார். ஆனா அந்த லென்ஸ் எங்க சொதப்பும்னு அவருக்குத் தெரியல."

எனக்கு இதில் ஒரு சுயநலமும் இருந்தது. ஆபீஸ் வேலைக்காக செகண்ட் ஹேண்டில் ஒரு வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்க ஆறு மாசமாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். யூடியூபில் எதைப் பார்த்தாலும் 'சூப்பர் ஷார்ப்' என்றுதான் சொல்கிறார்கள். எது ஷார்ப், படத்தில் எந்த இடத்தில் ஷார்ப் என்று கேட்டால் பதில் இல்லை.

நடுவில் எல்லா லென்ஸும் நல்ல பிள்ளை

வைடு லென்ஸுக்கு இருக்கும் கஷ்டம் மற்ற லென்ஸ்களுக்கு இல்லை. 16 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மூலைக்கு மூலை சுமார் 108 டிகிரி பார்க்கிறது. ஓரத்தில் இருந்து வரும் வெளிச்சம் ரொம்பச் சாய்வாக நுழையும். அதை வளைத்து, சென்சாரின் மூலையில் சரியாகப் புள்ளி வைப்பது கண்ணாடிகளுக்குப் பெரிய வேலை. போதாக்குறைக்கு, பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் விட வேண்டும். கேனான் இ.எஃப். கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம். 16 மி.மீ. லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்று வேலை செய்ய, டிசைனையே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. மிரர்லெஸ் வந்ததும் கேனானில் அந்தத் தூரம் 20 மி.மீ. ஆனது, நிக்கான் இசட் வரிசையில் 16 மி.மீ. டிசைன் செய்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது.

அதனால்தான் இரண்டு வைடு லென்ஸை நடுவில் வைத்து ஒப்பிடுவது கிட்டத்தட்ட வீண். சுமாரான லென்ஸ்கூட நடுவில் நன்றாகவே எடுக்கும். வித்தியாசம் தெரிவது மூலையில்.

அண்ணனிடம் கேனானின் 16-35 மி.மீ. லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று எஃப்/2.8 எல், 2007-ல் வந்த இரண்டாம் பதிப்பு. இன்னொன்று 2014-ல் வந்த எஃப்/4 எல் ஐ.எஸ். எஃப்/2.8 என்றால் கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும், விலையும் கூடுதல். சாதாரணமாக நாம் என்ன நினைப்போம்? விலை கூடினது எல்லா விதத்திலும் மேல் என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"வா, சுவத்துல ஒட்டிப் பாப்போம்" என்றார்.

பேப்பர் ஒட்டிய சுவர்

ஸ்டூடியோ பின்னால் ஒரு வெற்றுச் சுவர். நடுவிலும் நாலு மூலையிலும் நியூஸ் பேப்பர் பக்கங்களை ஒட்டினோம். தலைப்பு பெரிய எழுத்து, துணைத்தலைப்பு நடுத்தரம், செய்தி சின்ன எழுத்து. கண் டாக்டர் வைத்திருக்கும் அட்டை மாதிரிதான், எந்த இடத்தில் எந்த அளவு எழுத்து வரை படிக்க முடிகிறது என்று பார்க்கலாம். மேல் மூலைக்கு ஏணி போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, எலெக்‌ஷன் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து கேமராவைச் சுவருக்கு நேராக நிறுத்துவது. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் மங்கி, லென்ஸ் மேல் பழி விழும். அண்ணன் இதற்கு ஒரு வேலை செய்தார். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை நடுவில் சுவரோடு ஒட்டி மாட்டினார். கேமராவில் பார்த்தால், அந்தக் கண்ணாடியில் லென்ஸின் பிம்பம் சரியாகப் படத்தின் நடுவில் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது. பத்து ரூபாய்க் கண்ணாடி, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் பொறுமைதான். ட்ரைபாட். ஐ.எஸ். ஆஃப். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ். பட்டனை அழுத்தும் அதிர்வு படாமல் இருக்க இரண்டு செகண்ட் டைமர். கேமரா தானாக ஷார்ப்னஸ் சேர்த்துவிடும் என்பதால் ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல் மட்டும். ஒவ்வொரு லென்ஸிலும் 16 மி.மீ.-யில் வைத்து, அப்பர்ச்சரை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே போனோம்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். நடுவில் இரண்டு லென்ஸுக்கும் நடுவே வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூலைக்குப் போனால் கதையே வேறு. எஃப்/2.8 லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்ததில், மூலைப் பேப்பரில் பெரிய தலைப்பு மட்டும்தான் படிக்க முடிந்தது. எஃப்/4-க்குக் குறைத்தும் துணைத்தலைப்பு கரைந்தே இருந்தது. விலை குறைந்த எஃப்/4 லென்ஸோ, அதே எஃப்/4-ல் துணைத்தலைப்பைப் படிக்கக் கொடுத்தது. எஃப்/8 வந்தபோது இடைவெளி குறைந்தது. எஃப்/11-ல் எது எந்த லென்ஸ் என்று எனக்குக் குழப்பமே வந்துவிட்டது. எஃப்/22-ல் இரண்டுமே, நடுவில்கூட, மந்தமாகிவிட்டன. துளை ரொம்பச் சின்னதானால் வெளிச்சம் விளிம்பில் சிதறும், எவ்வளவு காஸ்ட்லி லென்ஸாக இருந்தாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

இது அண்ணன் வீட்டு லென்ஸின் அதிசயம் ஒன்றும் கிடையாது. இந்த எஃப்/4 வந்த புதிதிலேயே, மூலைகளில் பழைய எஃப்/2.8-ஐ முந்துகிறது என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். கேனான் 2016-ல் எஃப்/2.8-க்கு மூன்றாம் பதிப்பு கொண்டுவந்தபோதுதான் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. அதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. 2007-ல் வந்த நிக்கான் 14-24 எஃப்/2.8-ன் மூலைகளைப் பார்த்துவிட்டு, கேனான்காரர்கள் அடாப்டர் போட்டு நிக்கான் லென்ஸை மாட்டி எடுத்த காலம். ஆட்டோஃபோகஸ் போனாலும் பரவாயில்லை என்று!

எதை நம்புவது?

கம்பெனிகள் வெளியிடும் எம்.டி.எஃப். வரைபடம் இதையெல்லாம் சொல்லிவிடும், படிக்கத் தெரிந்தால். இடது முனை படத்தின் நடு, வலது முனை மூலை. கோடு உயரத்திலேயே போனால் நல்லது. வலது பக்கம் பள்ளத்தில் விழுந்தால், மூலை மங்கும் என்று அர்த்தம். ஆனால் கேனான் தருவது டிசைனை வைத்துக் கணக்குப் போட்ட கோடு. ஸைஸ் நிறுவனம் உண்மையான லென்ஸை அளந்து போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

அளந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸின் நிறுவனர் ராஜர் சிகாலா, ஒரே மாடலில் பல லென்ஸ்களை இயந்திரத்தில் வைத்துச் சோதித்து, ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை என்று காட்டியிருக்கிறார். அதாவது ரிவ்யூவில் நீங்கள் பார்ப்பது அவர் கையில் இருந்த லென்ஸ். உங்கள் கைக்கு வருவது இன்னொன்று.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. கீழே விழுந்த லென்ஸில் உள்ளே ஒரு கண்ணாடி இம்மியளவு நகர்ந்திருந்தாலும் ஒரு மூலை மட்டும் மங்கும். நாலு மூலையையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை மறுபடி எடுங்கள். மந்தமான இடம் சுவரின் எதிர்மூலைக்குத் தாவினால் கோளாறு லென்ஸில். சுவரின் அதே மூலையிலேயே இருந்தால் நீங்கள் கேமராவை நேராக வைக்கவில்லை. அண்ணனின் எஃப்/2.8-ல் ஒரு மூலை இப்படித் தாவியது. "ஒரு ரிசப்ஷன்ல ஸ்டூல்ல இருந்து விழுந்துச்சு, அப்பவே நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தார்.

இந்தச் சுவர் டெஸ்ட்டையும் முழுசா நம்ப வேண்டாம். பல வைடு லென்ஸ்களில் ஃபோகஸ் ஆகும் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். எட்டடியில் இருக்கும் வளைவு தூரத்துக் காட்சிக்கு மாறிவிடலாம். கோயில் கோபுரம் எடுக்கிறவர் தூரத்தில் வைத்தும், குரூப் போட்டோ எடுக்கிறவர் பத்தடியில் வைத்தும் சோதிப்பதுதான் சரி.

அத்தை முகம் அகலமானது எதனால்?

இதற்கும் ஷார்ப்னஸுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் அண்ணன். உலகத்தின் ஆகச் சிறந்த 16 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தாலும் முகம் அகலமாகத்தான் விழுந்திருக்கும். நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும் லென்ஸ், ஓரத்தில் இருக்கும் உருண்டையை இழுத்துத்தான் ஆக வேண்டும். வலது ஓரத்தில் ஒரு பந்து இருந்தால், 16 மி.மீ.-யில் அதன் அகலம் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆகும். 24 மி.மீ.-யில் ஒன்றேகால் மடங்கு. 35-ல் பத்து சதவிகிதத்துக்குச் சற்று மேல், கண்ணுக்கு உறுத்தாது.

அப்படியென்றால் ஏன் 16-ல் எடுக்கிறார்கள்? இடம் இல்லை. இருபதடி மேடையை 16 மி.மீ.-யில் அடக்க ஒன்பதடி தள்ளி நின்றால் போதும். 24-க்கு பதின்மூன்றரை அடி. 35-க்கு இருபதடிக்குக் கொஞ்சம் குறைவு. மேடைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நாற்காலியும் வீடியோக்காரர் ஸ்டாண்டும் நிற்க, பின்னால் போக எங்கே வழி? "முதல் ரெண்டு வரிசை சேரை ரெண்டு நிமிஷம் எடுங்கன்னு கேக்கக் கூச்சப்படுவோம்மா. லென்ஸைத் திருப்புறது ஈஸி."

எங்கள் படத்தில் 16 மி.மீ., முழுக்கத் திறந்த அப்பர்ச்சர், நடுவில் ஃபோகஸ் என்று மூன்றும் சேர்ந்து அத்தை நின்ற இடத்தில் விழுந்துவிட்டன. ஃபிளாஷ் போட்டு எஃப்/8-ல் எடுத்திருந்தால் கற்களாவது தெரிந்திருக்கும்.

நான் எஃப்/4 லென்ஸை வாங்கினேன், நாலு மூலையும் பார்த்து. அத்தை படத்தை, ஓரத்தில் இழுபட்ட முகத்தைச் சரிசெய்யும் ஒரு சாஃப்ட்வேரில் போட்டார் அண்ணன். முகம் பழைய உருண்டைக்கு வந்தது. தோட்டுக் கற்கள் வரவில்லை, வரவும் வராது. பெரிய சைஸில் போட்டால் மங்கல் தெரியும் என்று போஸ்ட்கார்டு அளவில் பிரின்ட் போட்டுத் தந்தார். மாமா அதை பூஜை அறையில் வைத்திருக்கிறார்.