மாற்றியமைத்த பழைய காரின் பெறுமதி



இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணிவருவோர் பலர். அவர்களுள் ஒருவர் காலமானபின் அவருடைய மனைவியோ மக்களோ காரை விற்க முற்படுகின்றனர். மேசை இலாச்சியிற் கட்டுக்கட்டாகப் பற்றுச்சீட்டுக்கள் கிடக்கின்றன. இருபது ஆண்டுகளாக அவர் வாங்கிப் பூட்டிய பொருள்களின் விலையெல்லாம் அவற்றில் உண்டு. அவற்றைக் கூட்டி, வந்த தொகையையே காரின் விலையாக விளம்பரஞ் செய்கின்றனர். மாதங்கள் கழிகின்றன, வாங்குவார் இலர். ஈற்றில் மனஞ் சலித்து, முதலில் வந்த வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகின்றனர். இந்த நட்டத்தைத் தவிர்க்க வழி உண்டா? ஓரளவு உண்டு.

எம்.ஜி.பி. என்னுங் காரை உதாரணமாகக் கொள்வோம். இது அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. எல்லா வகைகளையுஞ் சேர்த்தால் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. இதன் நான்கு உருளை எஞ்சின் 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. இலங்கை வீதிகளில் ஒருகாலத்தில் மலிந்திருந்த ஒஸ்டின் கேம்பிரிஜ் காரின் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாதலின், இக்கார் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

இத்தனை கார்கள் செய்யப்பட்டமையால், மாற்றமற்ற நல்ல எம்.ஜி.பி. ஒன்றை வேண்டுபவர் அதைத் தேடி வருந்தவேண்டியதில்லை. மாற்றியமைத்த கார் அதனோடு போட்டியிட்டே விலைபோக வேண்டும். ஆகவே, அதே ஆண்டினதும் அதே நிலையினதுமான மாற்றமற்ற கார் என்ன விலைக்கு விற்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். விளம்பரத்தில் எவரும் எவ்விலையும் எழுதலாம். ஏல நிலையங்கள் வெளியிடும் விற்பனை முடிவுகளே சான்றாகும்.

அவ்விலையை நூறு எனக் கொள்வோம். பின்னர் ஒவ்வொரு மாற்றத்தையும் நோக்கி ஒரு கேள்வி கேட்கவேண்டும்: அடுத்த சொந்தக்காரரும் இதனைத் தாமாகவே செய்திருப்பாரா? ஆம் எனின், செலவின் ஒரு பகுதி நூறோடு சேரும். நெடுந்தெருவில் எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ், ஐந்து கியர்ப் பெட்டி, வலுவான பிறேக் என்பன இத்தகையவை. இவற்றிலும் பாதிச் செலவு மீண்டாற் போதுமென்று திருப்தியடையவேண்டியதே. ஒருவரின் தனிச் சுவையை மட்டுங் காட்டும் மாற்றங்களோ நூறிலிருந்து கழிக்கப்படும். அவற்றை நீக்க வாங்குபவருக்கு ஆகுஞ் செலவே கழிக்கும் அளவு. சில்லுகளை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மட்காட்டை வெட்டி அகலமாக்கியிருந்தால், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தகட்டு வேலைக்காரருக்குப் பல வாரக் கூலி வேண்டும்.

எம்.ஜி.பி.யிற் செய்யப்படும் மாற்றங்களுட் புகழ்பெற்றது, ரோவர் கம்பனியின் 3,528 கன சென்ரிமீற்றர் வி-8 எஞ்சினைப் பொருத்துதல். எட்டு உருளைகள் இருந்தும், அலுமினியத்தால் ஆனபடியால் அது பழைய இரும்பு எஞ்சினைவிட அதிகம் பாரமானதன்று. 1970 அளவில் கென் கொஸ்ரெலோ என்பவர் இம்மாற்றத்தைச் செய்து விற்கலானார். பின்னர் கம்பனியே 1973 முதல் 1976 வரை, நிலைக்கூரையுள்ள ஜீ.ரி. வடிவத்தில் மட்டும், 2,591 வி-8 கார்களைச் செய்தது. தொழிற்சாலை செய்த கார், கொஸ்ரெலோ செய்த கார், வீட்டுக் கொட்டிலில் ஒருவர் தாமே செய்த கார் ஆகிய மூன்றும் அருகருகே நின்றால், எஞ்சின் ஒரே வகையாயினும் விலை ஒன்றாகாது. முதலிரண்டுக்கும் பெயரும் வரலாறும் உண்டு. மூன்றாவதைப் பற்றி வாங்குபவர் பல கேட்பார். பின்அச்சும் பிறேக்கும் புதிய வலுவுக்கு ஏற்றனவா? எஞ்சின் மாற்றம் பதிவுப் பத்திரத்திற் குறிக்கப்பட்டுள்ளதா? வேலையின்போது எடுத்த படங்கள் உளவா? மறுமொழி இல்லையெனில் அவர் தம் அச்சத்துக்கும் ஒரு விலை வைத்துக் கழிப்பார். அது நியாயமே.

பம்பரைப் பற்றியும் ஒரு சொல். 1974இன் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டங்களுக்கு இணங்க, பளபளக்கும் குரோமியப் பம்பர்களுக்குப் பதிலாகப் பெரிய கறுப்பு றப்பர்ப் பம்பர்கள் வந்தன. காரும் சற்று உயர்த்தப்பட்டது. இவ்வடிவம் பலருக்கு உவப்பாயில்லை. ஆதலின் பிற்காலக் காரை முற்காலத் தோற்றத்துக்கு மாற்றுவது வழக்கமாயிற்று. இதனால் விலை சிறிது கூடலாம். எனினும் 1977ஆம் ஆண்டுக் காரை 1970ஆம் ஆண்டுக் காராக மதிப்பது தகாது. கேடனிலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை, தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, கார் செய்யப்பட்ட நாள், முதல் நிறம், எஞ்சின் இலக்கம் முதலியவற்றைச் சான்றிதழாக வழங்குகின்றது. விலை பேசுமுன் அதனைப் பெறுதல் நன்று.

கறளை மறத்தலாகாது. எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடற்கூடே பாரந் தாங்குவது. கதவுகளின் கீழுள்ள தகடுகள் இற்றுப்போயிருந்தால் எத்துணைச் சிறந்த எஞ்சினும் காரின் விலையைக் காப்பாற்றாது. 1988 முதல் பழைய அச்சுக்களைக் கொண்டு புதிய உடற்கூடுகள் செய்யப்பட்டன. அத்தகைய கூட்டிற் கட்டிய காரை, மாற்றியமைத்ததாயினும், சற்று உயர்வாகவே மதிக்கலாம் என்பது என் கருத்து.

மாற்றமே பெறுமதியாகிவிடுவதும் உண்டு. 1961இற் செய்யப்பட்ட பெராரி 250 ஜீ.ரி. கார் ஒன்று, 1962ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்துக்காகப் புதிய உடல் பெற்றது. பின்புறம் உயர்ந்து தட்டையாக முடிந்தமையால் அதற்குப் "பாண் வான்" என்ற பட்டப்பெயர் வந்தது. இன்று அதனைப் பழைய உருவத்துக்கு மாற்ற எவரும் எண்ணார். ஆனால் அது பந்தய வரலாற்றுப் பொருள். கொட்டிலிற் செய்த காருக்கு அதை உதாரணங் காட்டும் வியாபாரியை நம்பவேண்டாம்.

காப்புறுதிக் கணக்கு வேறு. கார் அழிந்தால் அதுபோன்ற மற்றொன்றைக் கட்ட ஆகுஞ் செலவு விற்பனை விலையிலும் அதிகமாதலால், நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒரு தொகையை இணங்கிக்கொள்வர். பற்றுச்சீட்டுக்கள் உண்மையிற் பயன்படுவது அங்கேதான். விற்கும்போதோ, கொட்டிலின் மூலையைப் பார்க்கவேண்டும். கழற்றிய பழைய எஞ்சினும் கியர்ப் பெட்டியும் அங்கே சாக்கு மூடிக் கிடக்குமாயின், அவற்றைப் பழைய இரும்புக்காரனிடங் கொடாது, இலக்கங்களைக் குறித்துக் காரோடு சேர்த்தே விற்பனைக்கு வைக்க வேண்டும்.