வாடகைதாரர் உங்கள் கடனைக் கட்டுவாரா?

"வங்கிக் கடனில் இன்னொரு வீடு வாங்கிப் போட்டால் போதும். வாடகைக்கு வருபவர் மாதத் தவணையைக் கட்டிவிடுவார். முப்பது ஆண்டில் வீடு நமக்குச் சொந்தம்." வீடு வாங்குவதைப் பற்றி நம்மவர்கள் பேசும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. இது பொய்யல்ல. ஆனால், பாதிக் கணக்கு. மீதிப் பாதியை வீடு விற்க வருபவர் சொல்லமாட்டார். அதை நாம்தான் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அடுக்குமாடி வீடு ஒன்றின் விலை 300,000 வெள்ளி. முன்பணம் 30,000 வெள்ளி. மீதி 270,000 வெள்ளிக்கு 4 விழுக்காட்டு வட்டியில் 30 ஆண்டுக் கடன். மாதத் தவணை ஏறக்குறைய 1,289 வெள்ளி. வாடகை 1,300 வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் மனம் குளிர்கிறது. தவணை போக 11 வெள்ளி மிச்சம்!

இனி அந்த வாடகையில் யார் யார் பங்கு கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு வாடகை 15,600 வெள்ளி. ஒருவர் காலி செய்து மற்றொருவர் வருவதற்குள் ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 1,300 வெள்ளி போயிற்று. புதிய வாடகைதாரரைத் தேடித் தந்த முகவருக்கு ஒரு மாத வாடகை, இன்னொரு 1,300. பராமரிப்புக் கட்டணமும் ஒதுக்கு நிதியும் சேர்ந்து மாதம் 200 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 2,400. மதிப்பீட்டு வரி, நில வரி இரண்டுக்கும் 600. குழாய் ஒழுகும், குளிர்சாதனம் நிற்கும், அதற்கு 1,000. எல்லாம் போக உங்கள் கைக்கு வருவது 9,000 வெள்ளி. வீட்டின் விலையில் அது வெறும் 3 விழுக்காடு.

தவணையோ ஆண்டுக்கு 15,468 வெள்ளி. ஆக 6,468 வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. மாதம் 539 வெள்ளி. வாடகைதாரர் கடனைக் கட்டவில்லை. நீங்களும் சேர்ந்துதான் கட்டுகிறீர்கள். முதலாண்டுத் தவணையில் அசல் குறைவது சுமார் 4,750 வெள்ளிதான், மற்றதெல்லாம் வட்டி. ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியானால் வீடே வாங்கக்கூடாதா? அப்படியில்லை. விலை ஏறும், வாடகையும் ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முதலீடு நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டும் ஏறுமா என்பதே வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி. அதே கட்டடத்தில் எத்தனை வீடுகள் காலியாகக் கிடக்கின்றன என்று பாதுகாவலரிடம் கேளுங்கள். விளம்பரத் தாளைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

வாங்கும்போதே ஆகும் செலவும் உண்டு. 300,000 வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்று முத்திரை வரி 5,000 வெள்ளி, கடன் பத்திரத்துக்கு 1,350 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி. சேமநிதியிலிருந்து எடுக்கலாமே என்பார்கள் சிலர். முதல் வீட்டுக்கு எடுத்திருந்தால், அதை விற்றுத் தீர்த்த பிறகே இரண்டாவது வீட்டுக்கு எடுக்க முடியும். மூன்றாவது வீட்டுக் கடன் என்றால் 2010 நவம்பர் முதல் வங்கி 70 விழுக்காடு வரைதான் தரும். எப்படியானாலும் ஆறு மாதத் தவணைக்கான பணம் கையில் இல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து. வீடு காலியாக இருக்கிறது என்று வங்கி காத்திருக்காது.

வருமான வரியையும் மறந்துவிடக்கூடாது. வாடகை உங்கள் வருமானத்தோடு சேரும். ஆனால் மதிப்பீட்டு வரி, நில வரி, கடன் வட்டி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். அசலைக் கழிக்க முடியாது. இரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விற்கும்போது குடிமக்களுக்கு ஆதாய வரி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை என்பது 2022 முதல் உள்ள நிலை.

அடுத்து, யாரைக் குடிவைப்பது? "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற பதிலைத் தொலைபேசியில் கேட்டு மனம் வெந்தவர்கள் நம்மில் ஏராளம். சம்பளச் சீட்டைக்கூடப் பார்க்காமல் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்துகிறார்கள். நாம் வீட்டுக்காரர் ஆனதும் அதே தவற்றை வேறு இனத்தார்மீது செய்யலாமா? பார்க்கவேண்டியவை வேறு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலையிடம், முந்தைய வீட்டுக்காரரின் பேச்சு. வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்கவேண்டும். வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழையும் அனுமதிச் சீட்டையும் அசலாகவே பாருங்கள். ஆவணம் இல்லாதவருக்குத் தெரிந்தே இடம் கொடுப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம்.

"நம்ம ஆள்தானே, எழுத்து எதற்கு?" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உறவினர் என்றால்தான் எழுத்து இன்னும் அவசியம். ஒப்பந்தத்தில் வாடகைத் தேதி, காலம், எதை யார் பழுதுபார்ப்பது, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பன இருக்கவேண்டும். அதற்கு முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையும் வாங்குவார்கள். மின்சாரக் கணக்கை வாடகைதாரர் பெயருக்கே மாற்றிவிடுவது நல்லது. உங்கள் பெயரில் இருந்தால் அவர் வைத்துவிட்டுப் போகும் பாக்கி உங்களைத் தேடி வரும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து, இருவரும் பொருள் பட்டியலில் கையெழுத்திடுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பித் தரும் நாளில் சண்டை வராமல் காப்பது அந்தப் பட்டியல்தான்.

இத்தனைக்குப் பிறகும் வாடகை நின்றுபோனால்? இங்கேதான் பலர் கோபத்தில் சட்டத்தை மீறுகிறார்கள். வாடகைதாரர் வெளியே போன நேரத்தில் பூட்டை மாற்றுவது, சாமான்களைத் தூக்கி நடைபாதையில் வைப்பது, தண்ணீரை அடைப்பது. வீடு என்னுடையதுதானே என்று நினைக்கிறார்கள். ஆனால் 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தால், நீதிமன்றத்தின் வழியாகத்தான் அவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற முடியும். பூட்டை மாற்றினால், பாக்கி வைத்தவர் வாதியாகி நீங்கள் பிரதிவாதியாகிவிடுவீர்கள்.

சட்டம் வீட்டுக்காரரையும் கைவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் வாடகைப் பறிமுதல் சட்டத்தின்படி, 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள பொருள்களைக் கைப்பற்ற நீதிமன்ற ஆணை கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்தும் போகாமல் இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞரும் மாதங்களும் தேவை. அதனால் முதல் மாதம் வாடகை வராதபோதே ஏழாம் நாள் தொலைபேசியில் கேளுங்கள். வேலை போய்விட்டதா, வீட்டில் நோயா என்று தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான கஷ்டம் என்றால் தவணையாகக் கட்டச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். பதிலே இல்லையென்றால் பதினான்காம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும். இரண்டாம் மாதமும் தவறினால் வழக்கறிஞரின் அறிவிப்பு. உங்களிடம் இருப்பது இரண்டு மாத வைப்புத்தொகைதான். மூன்றாம் மாதம் பிறக்கும்போது அதுவும் தீர்ந்திருக்கும்.